பீர்க்கன் பூ சாயங்காலம் மலரும்: கொங்கு நாட்டுத் தோட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

"கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து கிடக்குதுங்க, மஞ்சளாப் பூத்துக் கொட்டுது, ஒரு பிஞ்சுகூட நிக்க மாட்டேங்குது." முதல் தடவை பீர்க்கன் போட்டவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். உரம் பத்தவில்லை என்று நினைத்து ஒரு கை யூரியாவை அள்ளி வைப்பார்கள். இலை இன்னும் கருத்துப் படரும், ஆண் பூ இன்னும் கூடும், காய் மட்டும் வராது. கோளாறு பெரும்பாலும் மண்ணில் இல்லை, நாம் தோட்டத்தைப் பார்க்கும் நேரத்தில்தான் இருக்கிறது. பீர்க்கம்பூ மாலை ஐந்தரை மணிக்கு மேல்தான் விரிகிறது. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கண்ணில் படுவது வாடிப்போன பூ. பூசணியும் பாகலும் காலையில் மலரும். பீர்க்கன், சுரை, புடலை மூன்றும் மாலைக்காரர்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கொடியில் பாதிச் சிக்கல் தீரும்.

எந்தப் பட்டம்

பீர்க்கனுக்கு இரண்டு பட்டம்: ஆடி, தை. இரண்டுக்கும் நம் பக்கத்தில் தனித்தனிக் கணக்கு உண்டு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் ஆளையே தள்ளும். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. பந்தலில் ஏறிய கொடியை அந்தக் காற்று புரட்டிப் போட்டுப் பற்றுக்கம்பிகளை அறுத்துவிடும். அதனால் ஆடிப் பதினெட்டை ஒட்டி விதையுங்கள். நாற்று தரையோடு இருக்கும் நாட்களில் காற்று வீசி முடிந்துவிடும். கொடி பந்தல் உயரம் தொடும்போது புரட்டாசி பிறந்திருக்கும். காற்று நேராக அடிக்கிற காடு என்றால் மேற்குப் பக்கம் இரண்டு வரிசை சோளமோ அகத்தியோ முன்கூட்டியே போட்டுவிடலாம். ஆடிப்பட்டத்தில் இன்னொரு இடைஞ்சல், காய்ப்பு ஐப்பசி அடைமழையில் வந்து மாட்டும். இலைநோயும் பழ ஈயும் அப்போதுதான் அதிகம்.

தைப்பட்டத்துக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். இருந்தால் முதல் முறை போடுகிறவருக்கு இதுதான் நல்லது: மழை நோய் இல்லை, காற்று இல்லை. தை முதல் வாரத்திலேயே விதைத்துவிடுங்கள். மாசி போய் விதைத்தால் பூக்கும் நேரம் கோடையில் விழும். ஈரோடு, கரூர் பக்கம் வெயில் நாற்பதைத் தொடும்போது கொடி ஆண் பூவையே அதிகமாக விடும். பெண் பூ குறைந்துபோகும்.

விதை

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 இரண்டும் நம் மண்ணுக்குப் பழகியவை. கோ 1 காய் இரண்டு முதல் இரண்டரை அடி நீளம். விதைத்த 55-ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்பு, மொத்தம் 125 நாள் பயிர். கோ 2 மூன்றடி நீளம் போகும், அதற்கு உயரப் பந்தல் வேண்டும். மாடியிலும் வேலியிலும் விடுகிறவர்களுக்குக் குட்டையான நாட்டு ரகமோ வீரிய ரகமோ வசதி. வீரிய ரகத்தில் விதை எடுத்து மறுபடி போட்டால் அதே காய் வராது. ஒவ்வொரு தடவையும் வாங்கத்தான் வேண்டும்.

பீர்க்கன் விதையின் ஓடு கெட்டி. காய்ந்த விதையை அப்படியே ஊன்றினால் சில முளைக்கப் பத்து நாள் ஆகும், சில மண்ணுக்குள்ளேயே அழுகும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை ஈரப் பருத்தித் துணியில் முடிந்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். வாய் பிளந்து வெள்ளை முனை தெரிந்ததும் ஊன்றிவிட வேண்டும். வேர் நீண்டபிறகு எடுத்தால் முனை ஒடியும். ஊன்றும்போது ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்த் தூளை ஆறின கஞ்சியில் குழைத்து விதையைப் புரட்டிக்கொண்டால் நாற்றழுகல் குறையும்.

குழி

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். குழிக்குக் குழி ஆறரை அடி, வரிசைக்கு வரிசை எட்டடி. வீட்டுத் தேவைக்கு பத்துக்குப் பத்தடிப் பந்தலும் இரண்டு குழியும் போதும். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்குத் தாராளம்.

ஒரு குழிக்கு நன்றாக மட்கிய தொழு எரு 10 கிலோ, அதாவது இரண்டு பாண்டு. அதோடு 6:12:12 கலப்பு உரம் 100 கிராம். ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் எருவோடு வேப்பம் புண்ணாக்கு 200 கிராமும் இரண்டு கை சாம்பலும் சேர்க்கலாம். பச்சைச் சாணியைப் போட்டு அதன்மேல் விதைப்பதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு. அது குழிக்குள் சூடேறி இளவேரை வேகவைத்துவிடும், வெள்ளைப் புழுவையும் கூட்டிவரும். ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் அதையும் ஆறு மாதம் மட்கவைத்த பிறகே.

செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், குழியைத் தரையைவிட இரண்டு அங்குலம் பள்ளமாக விடுங்கள். கரிசலில் நேர்மாறு: குழியை மூடி மண்ணைக் கூட்டிச் சிறு மேடாக்கி, மேட்டின்மேல் விதை ஊன்ற வேண்டும். கரிசலில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் பீர்க்கன் வேர் மூச்சு முட்டும், இலை மஞ்சளாகித் தொங்கிவிடும்.

மாடியில் வளர்ப்பவர்கள் 18 அங்குலத்துக்குக் குறைந்த பை எடுக்க வேண்டாம். பைக்கு ஒரே செடி. செம்மண், மட்கிய எரு, தென்னை நார்த்தூள் மூன்றும் சம பங்கு. பொள்ளாச்சி நார்த்தூள் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அப்படியே செய்யுங்கள். மட்டையில் உள்ள உப்பு அப்போதுதான் போகும். போகாவிட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும். நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருப்போம்.

குழிக்கு ஐந்து விதை, இரண்டு செ.மீ. ஆழம், விதையைப் படுத்தவாக்கில். ஒரு வாரத்தில் முளைக்கும். 15-ஆம் நாள் நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் கூட வரும். இந்தக் குடும்பத்துக் கொடிகளுக்கு வேரை அசைத்தால் ஆகாது, அதனாலேயே நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதை விட நேரடி விதைப்பு மேல்.

பந்தலும் முதல் ஒரு மாதமும்

ஆறடி உயரம் வேண்டும். கல்கால் இருந்தால் தலைமுறைக்கு நிற்கும். இல்லாவிட்டால் மூங்கிலோ சவுக்குக் கம்போ போதும். மேலே ஒன்றரை அடிக்கு ஒரு கட்டுக்கம்பி, குறுக்கும் நெடுக்குமாக. கொடி வலை கட்டுகிறவர்கள் கண் ஆறு அங்குலம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கண் வலையில் பிஞ்சு மேலேயே தங்கி, கண்ணுக்குள் பெருத்து, இடுப்பில் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். வாரம் இரண்டு முறை பந்தலின் கீழே நின்று, மேலே படுத்திருக்கும் பிஞ்சை மெதுவாகக் கீழே இறக்கிவிடுங்கள். தொங்குகிற காய்தான் நேராக வளரும்.

கொடி பந்தலைத் தொடும்வரை இலைக்கணுவில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒரே தண்டாக ஏற்ற வேண்டும். மேலே ஏறி ஓரடி போனதும் நுனியைக் கிள்ளுங்கள். அப்போது வெடிக்கும் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ நிறைய வரும். கிள்ள மனம் வராமல் விட்டவர்களின் கொடி பக்கத்து முருங்கையில் ஏறிப் பூக்கும். அங்கே போய்ப் பறிக்க முடியாது.

முளைத்த முதல் இரண்டு வாரம் செம்மஞ்சள் நிற வண்டு வித்திலையைச் சல்லடையாக்கும். விடிகாலையில் அது மந்தமாக இருக்கும். கையாலேயே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பனி ஈரம் காய்வதற்குள் சலித்த சாம்பலை இலைமேல் தூவினால் வண்டு அண்டாது. கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டும் பீர்க்கன் இலையைக் கருக்கும். கடையில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

30-ஆம் நாள் மேலுரம். குழிக்கு 22 கிராம் யூரியா, அதாவது 10 கிராம் தழைச்சத்து. தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகப் போட்டு மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம். இயற்கை வழியில் போகிறவர்கள் 100 கிராம் கடலைப் புண்ணாக்கைப் பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, குழிக்கு இரண்டு லிட்டர் ஊற்றலாம். கொடுமுடி டாக்டர் நடராசன் ஊர் ஊராகப் பரப்பிய பஞ்சகவ்யம் கைவசம் இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளியுங்கள்.

காட்டில் பெரிய அளவில் போடுகிறவர்கள் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது உண்டு. பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை மி.லி., விதைத்த 15-ஆம் நாளிலிருந்து வாரம் ஒன்றாக நான்கு முறை. வீட்டுப் பந்தலுக்கு அது தேவையே இல்லை.

தண்ணீர் செம்மண்ணில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, கரிசலில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை. மாடிப் பைக்கு காய்ப்பு நேரத்தில் காலையும் மாலையும் இரண்டிரண்டு லிட்டர். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிக்கவைப்பது கூடாது. காயின் கசப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பூவைப் பார்க்கத் தெரிந்துகொள்வது

ஒரே இலைக்கணுவில் இரண்டு வகைப் பூவும் வரும். ஆண் பூ நீண்ட காம்பில் கொத்தாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாக மலரும். பெண் பூ தனியாக நிற்கும். இதழுக்குக் கீழே சுண்டுவிரல் பருமனில் வரிவரியாகக் குட்டிப் பீர்க்கங்காய் ஏற்கெனவே இருக்கும். கொடி முதலில் ஆண் பூவையே விடும். ஒரு வாரம் பத்து நாள் ஆண் பூவாகவே கொட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

மாலையில் விரியும் பூவுக்கு அந்துப்பூச்சிகள் வரும். பெரிய உடலோடு, பூவில் உட்காராமல் காற்றில் நின்றபடியே தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சியை ஏழு மணி வாக்கில் பந்தலடியில் நின்றால் பார்க்கலாம். காற்று பலமாக வீசும் இரவிலும், மழை பெய்யும் இரவிலும் அவை வராது. நாலாவது மாடியில் வைத்த பைக்கு வருவதும் நிச்சயமில்லை. அங்கெல்லாம் நாம்தான் செய்ய வேண்டும்.

மாலை ஆறு மணிக்குப் பந்தலுக்குப் போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். நடுவில் இருக்கும் மகரந்தப் பையை விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, பெண் பூவின் நடுவில் பிசுபிசுப்பாக மூன்று பிளவாக இருக்கும் சூல்முடியில், மூன்று பிளவிலும் படும்படி மெதுவாகத் தேயுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழித்தால் காய் முழு நீளத்துக்கும் ஒரே பருமனாக வரும். தூள் பாதி இடத்தில் மட்டும் பட்டால் காய் ஒரு முனை தடித்து மறுமுனை சூம்பும். மறுநாள் மாலை பிஞ்சு பச்சையாக, காம்பு விறைப்பாக இருந்தால் பிடித்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பூச்சிமருந்தை மாலையில் தெளியுங்கள், தேனீக்கு ஆபத்தில்லை என்பது பொதுவாகச் சொல்லும் அறிவுரை. பீர்க்கனுக்கு அது பொருந்தாது. மாலையில் தெளித்தால் விரியும் பூவிலேயே படும். வரும் அந்துப்பூச்சியும் சாகும், மகரந்தமும் நனைந்து வீணாகும். வேப்பெண்ணெய் ஆனாலும் காலை எட்டரை மணி வாக்கில், பூ வாடிய பிறகு, வெயில் ஏறுவதற்குள் தெளித்து முடியுங்கள்.

பிஞ்சு ஏன் விழுகிறது

விழுந்த பிஞ்சை எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். பூ இருந்த முனையிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி, மலர்ந்து மூன்று நாளுக்குள் விழுந்திருந்தால், மேலே துளை ஏதும் இல்லாமல் வெட்டிப் பார்த்தால் உள்ளே சுத்தமாக இருந்தால், மகரந்தம் சேரவில்லை. மருந்து எதுவும் உதவாது, மாலையில் போய்த் தொட்டுவிடுங்கள்.

பிஞ்சு ஒரு சாண் நீளம் வளர்ந்து, ஓரிடத்தில் ஊசி குத்திய புள்ளியும் அதன்மேல் பிசின் துளியும் இருந்தால், அந்த இடத்தில் காய் வளைந்திருந்தால், அது பழ ஈ. வெட்டினால் வெள்ளைப் புழு இருக்கும்; தரையில் விட்டால் துள்ளும்.

பழ ஈ முட்டையை இளந்தோலுக்குள் இறக்கிவிடுவதால் மேலே எதைத் தெளித்தாலும் புழுவுக்குப் போய்ச் சேராது. புழு முற்றியதும் காயைவிட்டு மண்ணில் விழுந்து, சில அங்குலம் உள்ளே போய்க் கூட்டுப்புழு ஆகும். ஈயாகி மறுபடி அதே பந்தலுக்கு வரும். ஆகவே இந்தச் சுற்றை மண்ணிலும் காயிலும்தான் அறுக்க வேண்டும். குத்துப்பட்ட காயை அன்றன்றைக்கே பறித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் கிடத்துங்கள். எருக்குழியில் போட்டால் ஈக்குப் பண்ணை வைத்த மாதிரி. பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிடுங்கள்; கோழி இருந்தால் அங்கே மேயவிட்டால் கூட்டுப்புழுவைக் கிளறித் தின்னும்.

ஈயைப் பிடிக்க இரண்டு வழி. கருவாட்டுப் பொறி வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளை. உள்ளே நனைத்த கருவாட்டுத் துண்டு ஒன்று, அடியில் நூறு மி.லி. சோப்புத் தண்ணீர். பந்தலுக்குக் கீழே நிழலில் தொங்கவிட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாற்றம் இருக்கும், வீட்டு வாசலிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இரண்டாவது, கடையில் கிடைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. இதில் கவனம் வேண்டும்: கொடிக்காய்களைத் தாக்கும் ஈக்கு 'கியூலூர்' வில்லைதான் வேலை செய்யும். மாந்தோப்புக்கு விற்கும் மீத்தைல் யூஜினால் வில்லையைக் கொடுத்துவிட்டால் பொறி காலியாகவே தொங்கும். பெயரைப் படித்து வாங்குங்கள், பூக்கும் முன்பே கட்டுங்கள். அது ஆண் ஈயை மட்டும் இழுக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

வீட்டுப் பந்தலுக்கு எல்லாவற்றையும்விட நம்பகமானது உறை. பழைய கொசுவலையை ஆறு அங்குல அகலம், இரண்டரை அடி நீளத்துக்குக் குழாயாகத் தைத்து, பூ வாடிய மறுநாளே பிஞ்சில் மாட்டிக் காம்பருகே கட்டி, கீழ் முனையையும் முடிந்துவிடுங்கள். பத்து உறை தைத்தால் பருவம் முழுக்க மாற்றி மாற்றிப் போடலாம். ஒரு மணி நேரத் தையல் வேலைதான்.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலையில் வெள்ளைக் கோடு பாம்புபோல் நெளிந்தால் இலைத் துளைப்பான், அந்த இலையைக் கிள்ளி எடுங்கள். ஐப்பசி மழையில் இலைமேல் கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளியும் அடியில் சாம்பல் பூசணமும் வந்தால் அடிச்சாம்பல் நோய். கீழ் இலைகளைக் கழித்துப் பந்தலுக்குள் காற்று புக விடுங்கள், இலை நனையத் தண்ணீர் தெளிக்காதீர்கள். மார்கழிப் பனியில் மேலே வெள்ளை மாவு பூத்தால் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தெளிக்கலாம். நுனி இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து, கொடி குறுகினால் அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டால் பந்தல் முழுக்கப் போய்விடும். வெள்ளை ஈக்கு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மி.லி. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, இலையின் அடியில் படும்படி அடியுங்கள்.

பறிப்பு

பூ மலர்ந்து ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பறிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை வரியில் அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். நகம் வழுக்கினால் உள்ளே நார் ஓடிவிட்டது. காயை இலேசாக வளைத்தால் வளைய வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலையில், ஓரங்குலக் காம்போடு வெட்டுங்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தால் இழப்பு அந்த ஒரு காய் மட்டுமல்ல: ஒரு காய் முற்றி விதை கட்டத் தொடங்கியதும் கொடி புதுப் பெண் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

விதைக்கு விடுவதானால் பருவத்தின் நடுவில் ஒரே ஒரு நல்ல காயை ஒதுக்குங்கள். பக்கத்து வேலியில் பேய்ப்பீர்க்கன் இருந்தால் அதன் மகரந்தம் கலந்துவிடும். இப்போது பறிக்கும் காய் அதனால் கசக்காது. அதன் விதையில் முளைக்கும் அடுத்த கொடிதான் கசந்த காய் தரும். தப்பிக்க, மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும் ஓர் ஆண் மொட்டையும் முன்னதாகவே தனித்தனிக் காகிதப் பையால் மூடுங்கள். மறுநாள் மாலை திறந்து கையால் மகரந்தம் தொட்டு, பெண் பூவை மறுபடி மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் அடையாளம் தப்பாது. கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது எடுங்கள். முனையை உடைத்துக் கொட்டினால் கறுப்பு விதை தானாக உதிரும். மிச்சமுள்ள கூடு பாத்திரம் தேய்க்க.

அடுப்படியில்

முதல் வேலை, காம்புப் பக்கத்தில் சின்னத் துண்டு வெட்டிப் பச்சையாக நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. குக்கர்பிட்டாசின் என்ற பொருள் அது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும். ஒரு கசந்த காய் குழம்பில் விழுந்தால் குழம்பே போச்சு, ஆகவே ஒவ்வொரு காயையும் தனித்தனியே பாருங்கள்.

பிஞ்சுக் காய்க்கு வரியை மட்டும் சீவினால் போதும். சீவியதைக் கழுவித் தனியே வையுங்கள், துவையலுக்கு ஆகும். பீர்க்கனில் பெரும்பங்கு தண்ணீர்தான். அரைக் கிலோ காய் வெந்தால் பாதிக்கும் கீழே சுண்டிவிடும், தன் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் ஊற்றினால் ருசி கரைந்து போகும். உப்பையும் கடைசியில், காய் சுண்டிய பிறகே போடுங்கள். முதலில் பார்வைக்குப் போட்டால் கரிக்கும்.

பீர்க்கங்காய் கடைசல் நம் பக்கத்துக்கே உரியது. துவரம்பருப்பு 100 கிராம், பீர்க்கங்காய் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் 12, பச்சைமிளகாய் 4, பூண்டு 5 பல், தக்காளி 1, சீரகம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. பருப்பை 20 நிமிடம் ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், நான்கு சொட்டு விளக்கெண்ணெய் சேர்த்து முக்கால் பதம் வேகவிடுங்கள். எண்ணெய் விட்டால் பொங்கி வழியாது. தண்ணீர் விஷயத்தில் ஒரு கவனம்: சிறுவாணித் தண்ணீரில் மசிகிற பருப்பு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் மசியாது, குடிதண்ணீரிலேயே வேகவையுங்கள். தக்காளியைப் பருப்போடு முதலிலேயே போட்டாலும் புளிப்பால் பருப்பு விறைத்து நிற்கும்.

பருப்பு விரலால் அழுத்தினால் உடைகிற பதத்தில் காயை அரை அங்குலத் துண்டாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், பூண்டு, சீரகம், தக்காளி எல்லாவற்றையும் சேர்த்து, மூடாமல் பத்து நிமிடம் வேகவிடுங்கள். வெந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் இறுத்து வைத்துவிட்டு, உப்புப் போட்டு, மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். தண்ணீரோடு கடைந்தால் மத்து வழுக்கும், காய் திப்பி திப்பியாக நிற்கும். பாதி மசிந்து பாதி துண்டு தெரிகிற பதத்தில் நிறுத்தி, இறுத்த தண்ணீரைத் தேவைக்கு ஊற்றுங்கள். மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும், அது கடைசல் இல்லை. கடலை எண்ணெயில் கடுகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய நாலு சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். சுடுசோற்றுக்கும் ராகிக்களிக்கும் இது ஒன்றே போதும்.

பொரியலுக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, காயைப் போட்டு அகலமான வாணலியில் எட்டு நிமிடம், தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை. இறக்கும்போது வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை இரண்டு கரண்டி தூவினால், மிச்ச ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய்த் துருவலைவிட இந்தக் காய்க்கு நிலக்கடலைதான் பொருத்தம். பஜ்ஜிக்குக் கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கி உடனே மாவில் தோய்த்துப் போடுங்கள், நறுக்கி வைத்தால் தண்ணீர் விட்டு மாவு ஒட்டாது.

தோல் துவையல்: சீவிய தோல் இரண்டு கைப்பிடி, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, வரமிளகாய் 4, பூண்டு 2 பல், கோலி அளவு புளி, தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி. நல்லெண்ணெயில் உளுந்தையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் தோலைப் போட்டுச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். பச்சை வாடை போய், நிறம் ஆலிவ் பச்சைக்கு மாறி, அளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் துவையல் தொண்டையில் கரகரக்கும். ஆறியபின் உளுந்தும் மிளகாயும் முதலில், அடுத்து புளி, பூண்டு, தேங்காய், கடைசியில் தோலும் உப்பும் போட்டுத் தண்ணீர் தெளித்தே அரையுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு நாள் கெடாது. இதற்குப் பிஞ்சுத் தோல்தான் வேண்டும். நகம் இறங்காத முற்றல் காயின் தோலை எவ்வளவு வதக்கினாலும் நார் பல்லில் சிக்கும், அதை மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.